எப்சிக்கு ஒரு வாய்

ஜூன் 9, திங்கள்

நான் வேலையில் இருந்த காலத்தில் பள்ளிக்கு வந்த ஓர் ஆய்வாளர் என்னிடம் கேட்டார்: "ஒரு பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறீர்கள், டீச்சர்?" முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றேன். வகுத்தல் கணக்கு புரியாத பிள்ளைக்குப் புருவத்தின் நடுவே ஒரு சின்னக் குழி விழும். புரிந்த நிமிடம் அது நிரம்பிவிடும். மூன்றாம் வகுப்பு முகங்களைப் படித்தே என் காலம் போனது.

இன்று அந்தக் கேள்வி நினைவுக்கு வரக் காரணம் எப்சி. முழுப்பெயர் எப்சிபா. என் தங்கை பொன்மணியின் மகள், எட்டு வயது. பிறந்தபோது அழவில்லை, மூளைக்குக் காற்று போகத் தாமதமாகிவிட்டது. மூளை முடக்குவாதம் என்றார்கள். தலை நிற்காது, கை கால் விறைக்கும், பேச்சு இல்லை. காது நன்றாகக் கேட்கும். எல்லாம் புரியும் என்பாள் பொன்மணி.

நேற்று அவளைக் குளிப்பாட்டித் தூக்கும்போது பொன்மணி வழுக்கி விழுந்தாள். பிள்ளையைக் கீழே விடவில்லை, தன் வலது முழங்கையைக் கொடுத்துவிட்டாள். எலும்பு நொறுங்கி, தகடு வைக்க வேண்டுமாம். அவள் கணவர் செல்வின் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போகிறார். நான் நாசரேத்திலிருந்து முதல் பஸ்ஸில் கோவில்பட்டி வந்து இறங்கியபோது கார் வாசலில் நின்றது.

கார் ஜன்னல் வழியே பொன்மணி சொல்லிக்கொண்டே போனாள். "வலிப்பு மருந்தை விட்டுராதக்கா. காலுக்கு ஷூவைப் போடு, இல்லன்னா பாதம் வளைஞ்சுரும். ஒரே பக்கமாப் படுக்கப் போடாத, புண்ணு வந்துரும். கண்ண இறுக்க மூடித் திறந்தான்னா 'ஆமா'ன்னு அர்த்தம்."

"'இல்ல'ன்னா?" என்று கேட்டேன். கார் நகர்ந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

அடுப்படியை ஒழுங்குபடுத்தினேன். தங்கை வீட்டைக் குறை சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். எப்சியின் சாமான்களோடு ஒரு ரோஸ் நிறப் பிளாஸ்டிக் டம்ளர் இருந்தது. விளிம்பில் ஒரு பக்கம் பிறை வடிவில் காணோம், நாய் கடித்துவிட்டுப் போனதுபோல. முடியாத பிள்ளை என்றால் உடைந்த டம்ளர் போதுமா? குப்பை வண்டி வந்ததும் அதில் போட்டுவிட்டேன். பாத்திரக் கடைக்குப் போய்ச் சின்னதாக ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கி, 'எப்சிபா' என்று பெயர் வெட்டி வாங்கிவந்தேன். காட்டினேன். கண்ணை இறுக்க மூடித் திறந்தாள். ஆமாம்!

எச்சில் பட்டுத்தான் பாதி நோய் பரவுகிறது. என் வகுப்பில் டம்ளரில் வாய் வைக்க யாரையும் விட்டதில்லை. எப்சியையும் மடியில் சாய்த்து, தலையை என் கைமேல் அண்ணாந்து வைத்துக்கொண்டு, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். என்ன சிரிப்பு! வாய் அகலத் திறந்து, இரண்டு கையையும் சிறகுபோல விரித்து ஒரு சிரிப்பு. கழுத்தில் துவாலை வைத்தும் சட்டை நனைந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

காலை வேலை இப்படிப் போகிறது: துணி மாற்றுவது, உடம்பு துடைப்பது, புட்டத்திலும் குதிகாலிலும் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, கை கால்களை நீட்டி மடக்குவது. விறைத்த காலை அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் விறைக்கிறது. பிசைந்தவுடனே சப்பாத்தி மாவைத் தேய்த்தால் சுருங்கிக்கொள்ளும் அல்லவா? சற்று ஊறவிட்டால் தானே விரியும். அதுபோலக் காலைக் கையில் ஏந்தி, பேசிக்கொண்டே காத்திருந்தால் தானாக இளகிக்கொடுக்கிறது. இதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி எட்டிப்பார்த்தாள். "என்ன டீச்சர், பிள்ள லொக்கு லொக்குன்னு இருமுதா? காலைலருந்து எங்க வீட்டு வரைக்கும் கேக்கு."

"தொண்டை கட்டியிருக்கு. ஃபேன் காத்து."

"நம்ம வீட்டு ஃபேனெல்லாம் பால்காரி வீட்டுப் பசு மாதிரி, காத்தக் கறந்து கறந்துதான் குடுக்கும். அதுல தொண்டை கட்டுமா?"

சிரித்துவிட்டேன். எப்சி சிரிக்கவில்லை. ஃபேனைக் குறைத்தேன்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் தண்ணீர் கொடுக்கப் போனால் வாயைத் திறக்கவே இல்லை. முகத்தைத் திருப்பிச் சுவரையே பார்த்தாள். பல்லி ஏதும் இருக்கிறதோ என்று நானும் பார்த்தேன், ஒன்றுமில்லை. இந்தப் பிடிவாதம் பொன்மணியுடையது. சின்ன வயதில் கீரை என்றால் அவளும் இப்படித்தான்.

பிடிவாதக்காரப் பிள்ளைக்குக் கதைதான் மருந்து. தன் நிழலுக்குப் பயந்து ஓடிய கழுதைக் கதையைச் சொன்னேன். கழுதைபோலக் கத்தியும் காட்டினேன். வாய் திறந்தது, ஊற்றிவிட்டேன். உடனே அந்தச் சிரிப்பு, கையை விரித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை. பிறகு கொஞ்சம் இருமினாள்.

பொன்மணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போனில் "தண்ணி குடிக்காளா?" என்று கேட்டாள். நன்றாகக் குடிக்கிறாள் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. எப்சிக்குச் சளி.

ஜூன் 16, திங்கள்

காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. சண்முகக்கனி ஆட்டோ பிடித்துவந்து கூடவே ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து டாக்டர் சொன்னார்: "வலது பக்கம் நுரையீரல்ல சளி கட்டியிருக்கும்மா. சாப்பாடோ தண்ணியோ மூச்சுக்குழாய்ல எறங்கியிருக்கு. புரை ஏறுச்சா?"

"இல்லை. நான் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்."

"கொடுக்கும்போது எப்படி இருந்தா?"

"சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சீட்டில் எழுதிவிட்டுப் போனார். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டிருக்கிறார்கள். பால், கஞ்சித் தண்ணீர் எல்லாம் அதில்தான். வாயில் ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது.

பொன்மணிக்கு இன்னும் சொல்லவில்லை. கையில் தையலோடு இருக்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் காய்ச்சல் இறங்கியிருந்தது. எப்சி கண் விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாகம். என் பாட்டிலை எடுத்து, தலையை அண்ணாந்து, எப்போதும்போல உதட்டில் படாமல் ஊற்றிக் குடித்தேன். பாட்டிலைக் கீழே வைத்துப் பார்த்தால் எப்சியின் வாய் அகலத் திறந்திருக்கிறது, இரண்டு கையும் சிறகுபோல விரிந்திருக்கின்றன, உடம்பு பலகையாக விறைத்திருக்கிறது.

அதே சிரிப்பு.

அவளுக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை, கதையும் சொல்லவில்லை. பாட்டிலை உயர்த்தினேன், அவ்வளவுதான்.

வார்டில் இருந்த நர்ஸ் ஹமீதா சிஸ்டரைக் கூப்பிட்டேன். "சிஸ்டர், இது சிரிப்புதானே?"

ஹமீதா வந்து எப்சியின் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்து, முட்டியை மடக்கி, உடம்பை லேசாக முன்னால் சாய்த்தார். விறைப்பு மெல்ல இறங்கியது.

"இது திடுக்கிடுறது டீச்சர். பயந்தாலும் வரும், தலை பின்னால போனாலும் வரும். தண்ணி எப்படிக் குடுத்தீங்க? இந்தத் தலகாணிய எப்சின்னு வச்சுக் காட்டுங்க."

காட்டினேன். தலையணையை மடியில் சாய்த்து, மேலிருந்து ஊற்றுவதுபோல. ஹமீதா திட்டவில்லை. "நீங்க இப்ப மேல ஃபேனப் பாத்துக்கிட்டே எச்சில முழுங்குங்க" என்றார். முழுங்கினேன், தொண்டையில் ஏதோ தடுக்கியது. "இப்ப உங்க மடியப் பாத்துக்கிட்டு முழுங்குங்க." வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"அண்ணாந்தா மூச்சு போற வழி தொறந்துக்கும். நமக்கு அதச் சமாளிக்கத் தெரியும், இவளால முடியாது. தாடை தாழ்ந்து இருக்கணும்."

"வீட்டில் உடைந்த டம்ளர் ஒன்று இருந்தது, சிஸ்டர்."

"விளிம்பு வெட்டுனதா? மூக்குல இடிக்காம இருக்க அப்படி வெட்டுவாங்க. தலையத் தூக்காமலே குடிக்கலாம். நல்ல அம்மா. அது எங்க?"

எனக்கு மாத்திரை போடுகிற நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துகொண்டேன்.

ஜூன் 18, புதன்

பொன்மணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று "பொன்னு, பொன்னு" என்றேன்.

"இருக்கேன்க்கா. அத நான்தான் வெட்டுனேன். கத்திரியச் சுட வச்சு வெட்டி, உதட்டக் கிழிக்காம இருக்க உப்புத்தாள்ல தேச்சேன். அதப் போய்ச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரேன். கதவத் தொறந்துட்டு உள்ள வான்னு யாராவது சொல்லுவாங்களா?"

"அவள் வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வாள், பொன்னு?"

"சுவரப் பாப்பா."

சனிக்கிழமை ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு நானும் அந்தச் சுவரைப் பார்த்தேன்.

ஜூன் 21, சனி

ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். இடுப்பு மடங்க, கால் ஊன்ற, தாடை தாழ உட்காரவைத்து, ஹமீதா கரண்டி நுனியில் கெட்டியான கஞ்சி கொடுத்துப் பார்த்தார். விழுங்கினாள், இருமல் இல்லை.

"நீங்க குடுங்க டீச்சர்." என் கை அவள் பிடரியில் பட்டதும் பலகையாகிவிட்டாள். கண் சுவரில்.

ஹமீதா கரண்டியை வாங்கிக்கொண்டார். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். நாளைக்கும் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா திருநெல்வேலியிலிருந்து, மகள் கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து. பொன்மணியின் வலது கை கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்குகிறது. மகளைப் பார்த்ததும் இடது கையால் முகம் முழுக்கத் தடவினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால் நன்றாயிருக்கும்.

மூக்குக் குழாயை எடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வாய் வழியாகப் போதிய அளவு உள்ளே போகவேண்டும். எடை குறைந்தாலோ, மறுபடி புரை ஏறினாலோ, திரும்பக் குழாய்தான். அதைப் பிடுங்காமல் இருக்க அவள் கையைக் கட்டிவைத்ததை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்க முடியாது.

இப்போது செல்வின் ஊட்டுகிறார். ஒரு கையால் தாடையைத் தாங்கி, இன்னொரு கையால் கரண்டி. பொன்மணிக்கு இருப்பது ஒரு கைதான். செல்வினோ லாரியில் கடலைமிட்டாய் லோடு ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை பெங்களூர் கிளம்பவேண்டும், முதலாளி அதற்குமேல் விடமாட்டார். ஆக, வெள்ளிக்கிழமைக்குள் எப்சி என் கையால் ஒரு வாய் வாங்கவேண்டும்.

செல்வின் ஒரு புது டம்ளரைப் பிறை வடிவில் வெட்டினார். உப்புத்தாளால் தேய்க்கிற வேலை என்னுடையது. கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்து, உறுத்தாதவரை தேய்த்தேன்.

ஜூன் 25, புதன்

காலை: சுவர். மதியம்: சுவர். கதை சொல்லவில்லை. இனி ஊட்டும்போது கதை இல்லை.

ஜூன் 26, வியாழன்

என் வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கணக்கு யாருக்கும் வரவில்லை என்றால், நானே போய்ப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து அங்கிருந்து கரும்பலகையைப் பார்ப்பேன். வெயில் பட்டுப் பலகை பளபளத்து எழுத்தே தெரியாத நாட்கள் உண்டு.

மதியம் எப்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "செல்வின், எனக்கு ஒரு வாய் ஊட்டுங்க. நான் பேசமாட்டேன்."

"என்ன மதினி இது விளையாட்டு!" அவருக்கு வெட்கம்.

"ஊட்டுங்க நீங்க" என்றாள் பொன்மணி. "எங்க அக்காவுக்கு எதையாவது பாடமா நடத்தலன்னா சோறு செரிக்காது."

பருப்புச் சோறு. பெரியவளுக்குத்தானே என்று கரண்டி நிறைய அள்ளிவிட்டார். சூடு கொஞ்சம் அதிகம். கரண்டி பல்லில் 'டக்'கென்று இடித்தது. முதல் வாய் இறங்குமுன் இரண்டாவது வந்துவிட்டது. கையில்லை, வாய்ச்சொல் இல்லை. போதும் என்று எப்படிச் சொல்வது? முகத்தைத் திருப்பினேன். என்னை அறியாமல் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி அங்கேயும் தேடிக்கொண்டு வந்தது.

"மதினி, ஆ... ஆ..." என்கிறார் மனுஷன், ரொம்ப அன்பாக.

பருப்பு தாடையில் வழிந்து, மூக்கு நுனியில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டது. துடைக்க வழியில்லை.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். மூக்கிலிருந்து 'க்ஹு, க்ஹு' என்று சின்னதாக. எப்சி! கை விரியவில்லை, வாய் அகலவில்லை. தோள் இரண்டும் தொங்கி, கண் பாதி மூடி, உடம்பு முழுக்க இளகி, என் மூக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கா பாரு கழுத" என்றாள் பொன்மணி. "ஏட்டி, பெரியம்மாவப் பாத்தா சிரிக்க?"

எப்சி சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

முகம் துடைத்துக்கொண்டு, என் முகம் அவள் கண்ணுக்குக் கீழே வருகிறமாதிரி மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டுக் கேட்டேன்: "எப்சி, பெரியம்மா ஊட்டட்டுமா?"

சுவர்.

"சரி" என்று கிண்ணத்தைச் செல்வினிடம் கொடுத்துவிட்டேன். எப்சி சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே இருக்கட்டும்.

சாயங்காலமும் கேட்டேன். சுவர். சரி என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

லாரி காலை உணவுக்குப் பிறகு கிளம்பவேண்டும். செல்வின் சட்டை மாற்றிக்கொண்டு, கிளம்பமுடியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பொன்மணி இடது கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மூக்குக் குழாய்ப் பையை எடுத்து ஜன்னலில் வைத்தாள், பிறகு எடுத்து உள்ளே ஒளித்துவைத்தாள்.

ராகிக் கூழைக் கரண்டியிலிருந்து சொட்டாத பதத்துக்குக் காய்ச்சி ஆறவைத்தேன். மணையில் உட்கார்ந்தேன்.

"எப்சி, அப்பா இன்னைக்கு ஊருக்குப் போறாங்க. அம்மாவுக்குக் கை சரியில்ல. நான் ஊட்டட்டுமா? வேண்டாம்னாலும் சரிதான்."

அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் கண் போனது. நான் கிண்ணத்தைக் கீழே வைக்கப்போனேன்.

"அக்கா, பொறு" என்றாள் பொன்மணி மெதுவாக.

கண் சுவரில் நிற்கவில்லை. அதைத் தாண்டித் திரும்பி என்னிடம் வந்தது. இறுக்க மூடினாள். திறந்தாள்.

பிடரியில் கை வைத்தேன். கழுத்து கொஞ்சம் இறுகியது. இழுக்காமல், தள்ளாமல் அப்படியே வைத்திருந்தேன், இளகியது. கரண்டி நுனியைக் கீழுதட்டில் வைத்து நிறுத்தினேன். மேலுதடு மெல்ல இறங்கி, தானே கூழை வாரி எடுத்துக்கொண்டது. தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை.

"இன்னொரு வாய்?"

சுவர்.

"சரி" என்று கரண்டியைக் கீழே வைத்தேன். செல்வின் பதறிப்போனார். "மதினி, ஒரு வாய்தான போயிருக்கு!"

"அவ போதும்னுட்டா, செல்வின்."

பொன்மணி என் தோளில் தன் நல்ல கையை வைத்தாள். நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். சற்று நேரம் கழித்து, நான் கேட்காமலே, எப்சி கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணை இறுக்க மூடித் திறந்தாள்.

கிண்ணத்தில் பாதி போனது. லாரியும் போனது.

இந்தப் பக்கத்தை யாராவது புரட்டினால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரே ஒரு வாய் ஊட்டிவிடச் சொல்லிச் சாப்பிட்டுப் பாருங்கள்.